பிரிக்ஸ் கன்னிங்காம்: தொழிற்சாலை ஏன் மூடப்பட்டது, சேகரிப்பு எப்படிப் பிழைத்தது?

கேள்வி – பாளையங்கோட்டை வாசகன்

அனைவருக்கும் வணக்கம். என் பெரியப்பா இளமையில் சென்னைக்கு வடக்கேயுள்ள சோழவரத்தின் பழைய விமான ஓடுதளத்தில் நடந்த கார்ப் பந்தயங்களில் ஓட்டியவர். பிறகு ஊருக்குத் திரும்பி லாரித் தொழிலில் இறங்கினார். அதில் கையில் தங்கிய பணத்தில் பழைய வண்டிகளை ஒவ்வொன்றாக வாங்கிச் சேர்த்தார். இன்று அவருடைய கொட்டகையில் ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டும், இரண்டு ஃபியட்டுகளும், ஒரு ஜீப்பும் நிற்கின்றன. ஃபியட்டுகளில் ஒன்று, பந்தயத்துக்காக எடை குறைத்து, எஞ்சினைத் திருத்தி, அவரே ஓட்டிய வண்டி.

அவருக்கு வயதாகிவிட்டதால், இவற்றை என்ன செய்வது என்ற பேச்சு வீட்டில் எழுந்திருக்கிறது. விற்றுவிடலாம் என்பவர்களும் உண்டு; புதுப் பெயிண்ட் அடித்து ஒரு காட்சிக்கூடம் வைக்கலாம் என்பவர்களும் உண்டு. பெரியப்பாவோ, "கன்னிங்காம் செய்ததைப் படித்துவிட்டு வந்து என்னிடம் பேசுங்கள்" என்று சொல்லி நிறுத்திக்கொள்கிறார்.

பிரிக்ஸ் கன்னிங்காம் என்ற அமெரிக்கர் பிரான்சில் நடக்கும் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் தம் பெயரிலேயே கார் கட்டி ஓட்டினார் என்பதும், பிற்காலத்தில் கலிஃபோர்னியாவில் ஓர் அருங்காட்சியகம் வைத்திருந்தார் என்பதும் எனக்குத் தெரியும். அவருடைய கார்கள் நன்றாக ஓடியிருக்க, தொழிற்சாலையைச் சில ஆண்டுகளிலேயே மூடியது ஏன்? அருங்காட்சியகத்தையும் தம் வாழ்நாளிலேயே கைமாற்றியது ஏன்? அந்தக் கார்கள் இன்று எங்கே இருக்கின்றன? விவரம் அறிந்தவர்கள் சொன்னால், பெரியப்பாவிடம் தெளிவாகப் பேச உதவியாக இருக்கும்.

பதில் 1 – தென்காசிச் சாரல்

தம்பி, உங்கள் பெரியப்பா சரியான மனிதரைத்தான் காட்டியிருக்கிறார். சற்று நீளமாகவே எழுதுகிறேன்.

கன்னிங்காம் 1907-ஆம் ஆண்டு ஜனவரி 19-ஆம் நாள் ஓஹையோ மாநிலத்தின் சின்சினாட்டி நகரில் பெரும் செல்வக் குடும்பத்தில் பிறந்தவர். உங்கள் பெரியப்பாவைப் போல உழைத்துச் சம்பாதித்துப் பிறகு வண்டி வாங்கியவர் அல்லர் என்பதை முதலிலேயே மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அவருடைய பல முடிவுகளை அதை வைத்துத்தான் புரிந்துகொள்ள முடியும். 1930-களிலேயே சாம் கோலியர், மைல்ஸ் கோலியர் என்ற சகோதரர்களோடு பழகி, ஐரோப்பிய விளையாட்டுக் கார்களை அமெரிக்காவில் ஓட்டும் சிறு வட்டத்தில் அவர் இருந்தார். பியூக் காரின் அடிச்சட்டத்தில் மெர்சிடிஸ் உடலைப் பொருத்தி அவர் கட்டுவித்த 'பூ-மெர்க்' என்ற வண்டியை 1948-இல் நியூயார்க் மாநிலத்தின் வாட்கின்ஸ் கிளென் பந்தயத்தில் தாமே ஓட்டி இரண்டாம் இடம் பெற்றார். அப்போது அவருக்கு வயது 41. பெரும்பாலான ஓட்டுநர்கள் ஓய்வுபெறும் வயதில் அவர் தொடங்கினார்.

1950-இல் இரண்டு காடிலாக் கார்களோடு லெ மானுக்குப் போனார். ஒன்று ஏறத்தாழக் கடையில் விற்கும் நிலையிலேயே இருந்த கார். அதைக் கோலியர் சகோதரர்கள் ஓட்டிப் பத்தாவதாக வந்தார்கள். இன்னொன்றுக்கு விமானப் பொறியாளர் ஒருவரின் துணையோடு அகலமான, தட்டையான அலுமினிய உடல் செய்திருந்தார்கள். அதன் தோற்றத்தைக் கண்ட பிரெஞ்சுக்காரர்கள் 'லெ மான்ஸ்டர்', அதாவது பூதம், என்று பெயர் வைத்தார்கள். பந்தயத்தின் தொடக்கத்திலேயே மணல்மேட்டில் புதைந்த அந்த வண்டியைக் கன்னிங்காம் தோண்டி வெளியே எடுத்து, மீண்டும் ஓட்டி, பதினோராவதாகக் கொண்டுவந்தார்.

அதன் பிறகுதான் ஃபுளோரிடாவின் வெஸ்ட் பாம் பீச்சில் சொந்தத் தொழிற்சாலை வந்தது. கிறைஸ்லர் நிறுவனத்தின் எட்டு சிலிண்டர் கொண்ட வி-8 எஞ்சினை வைத்து, அமெரிக்க ஓட்டுநர்கள் ஓட்டும் அமெரிக்கக் கார் லெ மானை வெல்ல வேண்டும் என்பதே அதன் நோக்கம். வெள்ளை உடலில் நீலப் பட்டைகள் கொண்ட அந்தக் கார்களை இன்றும் படத்தில் பார்த்தவுடனே அடையாளம் கண்டுவிடலாம். 1952-இல் அந்தத் தொழிற்சாலையின் சி-4ஆர் காரை அவரும் பில் ஸ்பியரும் ஓட்டி நான்காம் இடம் பெற்றபோது, 24 மணி நேரத்தில் ஏறக்குறைய 20 மணி நேரம் சக்கரத்தைப் பிடித்திருந்தவர் கன்னிங்காம்தான். 1953-இல் செப்ரிங் 12 மணி நேரப் பந்தயத்தை ஜான் ஃபிட்சும் ஃபில் வால்டர்ஸும் சி-4ஆர் காரில் வென்றார்கள். அதே ஆண்டு லெ மானில் அவர்கள் ஓட்டிய சி-5ஆர் மூன்றாம் இடம் பெற்றது. 1954-இல் மூன்றாம் இடமும் ஐந்தாம் இடமும் கிடைத்தன. முதலிடம் மட்டும் கிடைக்கவே இல்லை.

1953-ஆம் ஆண்டுப் பந்தயத்தைப் பற்றி ஒரு மெக்கானிக்காக நான் பலமுறை யோசித்திருக்கிறேன். நேர்ச்சாலையில் கன்னிங்காமின் கார் ஜாகுவாரை விட வேகமாக ஓடியது. ஆனால் ஜாகுவாரில், காற்றுப் பட்டு எளிதில் சூடு தணியும் திறந்த தட்டான டிஸ்க் பிரேக் இருந்தது. கன்னிங்காமின் காரில், மூடிய உருளைக்குள் சூடு தங்கிவிடும் டிரம் பிரேக் இருந்தது. பெரிய எஞ்சினும் கனமான உடலும் கொண்ட காரை ஒவ்வொரு சுற்றிலும் அந்த வேகத்திலிருந்து இறக்க வேண்டியிருந்ததால் டிரம் சூடேறிப் பிடிப்பு இழக்கும். ஓட்டுநர் வளைவுக்கு வெகு முன்பாகவே மிதியை அழுத்தத் தொடங்க வேண்டும். நேர்ச்சாலையில் சம்பாதித்த நேரமெல்லாம் வளைவுகளின் வாசலில் கரைந்துபோனது. முதல் இரண்டு இடங்களும் ஜாகுவாருக்கே போயின.

இனி உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன். லெ மானில் உற்பத்தியாளராகப் போட்டியிட வேண்டுமானால், பொதுமக்களுக்கு விற்கும் கார் ஒன்றையும் செய்து காட்ட வேண்டியிருந்தது. அதற்காக சி-3 என்ற காரை அவர் கொண்டுவந்தார். அதன் அடிச்சட்டம் ஃபுளோரிடாவில் தயாராகி, கப்பலேறி இத்தாலியின் டுரின் நகருக்குப் போய், அங்கே விஞாலே பட்டறையில் உடல் பொருத்தப்பட்டுத் திரும்பி வரும். அந்நாளைய காடிலாக்கின் விலையை விட இரு மடங்குக்கும் மேல் அதன் விலை. செய்யப்பட்டவையோ 25 கார்கள் அளவில்தான். அந்த எண்ணிக்கையில் எந்தத் தொழிற்சாலையும் நிற்காது. நட்டம் தொடர்ந்து ஐந்து ஆண்டுகளை எட்டியபோது, அமெரிக்க வருமான வரித்துறையின் பார்வையில் அது தொழில் என்ற நிலையிலிருந்து பொழுதுபோக்கு என்ற நிலைக்கு இறங்கியது. அதன் பிறகு நட்டத்தைக் கணக்கில் கழித்துக்கொள்ளும் வழி இல்லை. 1955-இல் தொழிற்சாலை மூடப்பட்டது. கார் ஓடாததால் தொழிற்சாலை மூடவில்லை, தம்பி. பந்தயத்துக்காகத் தொழில் நடந்ததே தவிர, தொழிலுக்காகப் பந்தயம் நடக்கவில்லை. காரணம் இதுதான் என்பது என் உறுதியான கருத்து.

பதில் 2 – முத்துநகர்க் கடலோடி

மேலே சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். தூத்துக்குடியில் தோணித் தொழிலில் இருக்கும் எங்களுக்குக் கன்னிங்காம் கார்க்காரராக அன்றி, பாய்மரக்காரராகவே முதலில் அறிமுகம். 1958-இல் நடந்த அமெரிக்கக் கோப்பைப் படகுப் போட்டியில் 'கொலம்பியா' என்ற படகின் தலைவராக இருந்து, பிரிட்டனின் 'செப்டர்' படகை நான்குக்குச் சுழி என்ற கணக்கில் தோற்கடித்தவர் அவர். பாயின் முன்விளிம்பைக் கீழ்நோக்கி இழுத்து அதன் வளைவைக் காற்றுக்குத் தக்கபடி மாற்றும் ஏற்பாட்டை உலகெங்கும் பாய்மரப் பந்தயக்காரர்கள் இன்றும் அவர் பெயராலேயே அழைக்கிறார்கள்.

தொழிற்சாலை மூடியதோடு அவர் ஓட்டுவதை நிறுத்திவிடவும் இல்லை. 1962-இல், தமது 55-ஆம் வயதில், ராய் சால்வடோரியோடு ஜாகுவார் ஈ-டைப் காரில் லெ மானில் நான்காம் இடம் பெற்றார். அவரைச் சேகரிப்பாளர் என்று மட்டும் அறிந்தவர்கள் இதைக் கவனிப்பதில்லை. ஒரு வண்டி வேகத்தில் எப்படி நடந்துகொள்ளும் என்பதை உடம்பால் அறிந்த ஒருவர் சேர்த்த சேகரிப்பு அது.

பதில் 3 – நம்பியாற்றங்கரை

தென்காசி அண்ணாச்சி சொன்னதில் ஓர் இடத்தில் எனக்கு உடன்பாடு இல்லை. பந்தயத்தை முதன்மையாக வைத்ததால் தொழில் கெட்டது என்பது கன்னிங்காம் வரையில் சரியாக இருக்கலாம். பொதுவிதியாக அது நிற்காது. பெல்ஜியத்தின் ஜாக் ஸ்வாட்டர்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். 1926-இல் பிறந்த அவர், ஃபெராரி 500 காரில் 1953-இல் பெர்லினின் ஆவுஸ் ஓடுபாதைப் பந்தயத்தை வென்றவர். 1955 லெ மானில் ஜானி கிளாஸுடன் ஜாகுவார் டி-டைப் காரில் மூன்றாம் இடம் பெற்றவர். பந்தயம் ஓட்டிக்கொண்டிருந்த அதே காலத்தில் ஃபிராங்கோர்ஷாம் கராஜ் என்ற நிறுவனத்தைத் தொடங்கி, ஃபெராரியின் பெல்ஜிய விற்பனையாளரானார். அவருடைய மஞ்சள் நிறக் கார்கள் ஞாயிற்றுக்கிழமை பந்தயத்தில் ஓடியதுதான் திங்கட்கிழமை அவருடைய கடைக்கு ஆள் சேர்த்தது. அந்த நிறுவனத்தின் 40-ஆம் ஆண்டு விழாவை ஒட்டியே 1992-இல் ஃபெராரி தன் 456 மாடலை உலகுக்கு முதலில் காட்டியது. ஒரு நீல வண்ணத்துக்கு அவர் பெயரையே வைத்தது. 2010-இல் அவர் மறைந்தார்.

இருவருக்கும் உள்ள வேறுபாடு எளியது. கன்னிங்காம் கார் செய்ய முயன்றார். ஸ்வாட்டர்ஸ் கார் விற்கவும் பழுது பார்க்கவும் செய்தார். செய்வதற்குப் பெருமுதல் வேண்டும், பெரும் எண்ணிக்கையும் வேண்டும். விற்றுப் பராமரிப்பதற்கு நம்பிக்கையும் உதிரிபாகமும் இருந்தால் போதும். இது நம் பக்கத்துக்குப் புதிதும் அல்ல. எங்கள் திருக்குறுங்குடியில் பிறந்த டி.வி. சுந்தரம் ஐயங்கார் 1912-இல் மதுரையில் பேருந்து விடத் தொடங்கி, மோட்டார் வாகனங்களை ஓட்டுவது, பழுது பார்ப்பது, விற்பது என்று வளர்ந்தார். அந்தக் குடும்ப நிறுவனங்கள் வண்டி தயாரிப்பில் இறங்கியது வெகுகாலத்துக்குப் பிறகுதான். லாரித் தொழில் நடத்திய உங்கள் பெரியப்பாவும் இந்த வழியில் வந்தவர் என்றே நான் நினைக்கிறேன்.

ஸ்வாட்டர்ஸிடம் எனக்கு மிகவும் பிடித்தது வேறொன்று. கார்களைப் போலவே காகிதங்களையும் அவர் சேர்த்தார். ஃபெராரியைப் பற்றிய ஆவணங்கள், படங்கள், சிறு மாதிரி உருக்கள் எல்லாவற்றையும் ஒரே கூரையின் கீழ் வைத்திருந்தார். ஒரு பந்தயக் காரின் எஞ்சின் எப்போது மாறியது, எந்தப் பந்தயத்தில் எந்த மூலை நசுங்கியது என்பதற்குச் சான்று இல்லாவிட்டால், ஐம்பது ஆண்டு கழித்து அது வெறும் பழைய கார்தான்.

கேட்டவரின் குறிப்பு – பாளையங்கோட்டை வாசகன்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று இரவு இவற்றைப் பெரியப்பாவிடம் படித்துக் காட்டினேன். டிரம் பிரேக் பற்றிய பத்தியை மட்டும் இரண்டாம் முறை படிக்கச் சொல்லிக் கேட்டார். அருங்காட்சியகத்தைப் பற்றிய கேள்வி இன்னும் நிற்கிறது. தென்காசி அண்ணாச்சி அதையும் விளக்க வேண்டும். பந்தய ஃபியட்டுக்குப் புது பெயிண்ட் அடிக்கலாமா, அதைப் பழைமை வாய்ந்த வாகனமாகப் பதிவு செய்ய முடியுமா என்பதையும் சொல்லுங்கள்.

பதில் 4 – தென்காசிச் சாரல்

நம்பியாற்றங்கரை அன்பர் ஸ்வாட்டர்ஸைச் சொன்னது பொருத்தமே. என் கருத்தைக் கன்னிங்காம் ஒருவருக்கு மட்டும் உரியதாகவே வைத்துக்கொள்கிறேன்.

அருங்காட்சியகத்தின் கதை இது. பந்தயக் குழுக்கள் பொதுவாகச் சென்ற ஆண்டுக் காரை விற்றுத்தான் அடுத்த ஆண்டுக் காருக்குப் பணம் தேடும். விற்ற கார் கைமாறிக் கைமாறி, எஞ்சின் ஒரு பக்கமும் உடல் ஒரு பக்கமுமாகப் பிரிந்துவிடும். அந்த நெருக்கடி இல்லாத கன்னிங்காம் தம் பந்தயக் கார்களைத் தம்மிடமே வைத்துக்கொண்டார். செல்வம் அவருடைய தொழிலைக் காப்பாற்றவில்லை. ஆனால் கார்களைக் காப்பாற்றியது. அவற்றோடு பிறர் செய்த அரிய கார்களும் சேர்ந்தன. அமெரிக்காவில் முதன்முதலாகப் பந்தயம் ஓடிய ஃபெராரி, ஃபெராரியின் அமெரிக்க விற்பனையாளரான லூயிஜி கினெட்டியிடம் அவர் வாங்கிய 166 மாடல். உலகில் ஆறே எஞ்சியிருக்கும் புகாட்டி ரோயால் என்ற பிரெஞ்சுச் சொகுசுக் கார்களில் இரண்டை 1950-இல் புகாட்டி குடும்பத்திடமிருந்தே வாங்கினார். விலையின் ஒரு பகுதியாக அமெரிக்கக் குளிர்பதனப் பெட்டிகளும் போனதாகச் சொல்லப்படுகிறது. போருக்குப் பிந்தைய பிரான்சில் அந்தப் பெட்டிகள் பணத்தை விட அரிதாக இருந்திருக்கும் என்பதால் நான் அதை நம்புகிறேன்.

1966-இல் கலிஃபோர்னியாவின் கோஸ்டா மேசாவில் அருங்காட்சியகம் திறந்தது. ஏறத்தாழ இருபது ஆண்டு நடத்திய பிறகு, 1986-இல், எண்பதை நெருங்கிய வயதில், சேகரிப்பை மைல்ஸ் கோலியர் என்பவருக்கு விற்றார். யார் இந்தக் கோலியர் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. 1950 லெ மானில் கன்னிங்காமின் காடிலாக்கை ஓட்டிய மைல்ஸ் கோலியரின் மகன் இவர். இவருடைய பெரியப்பா சாம் கோலியர் அதே 1950-ஆம் ஆண்டு செப்டம்பரில் வாட்கின்ஸ் கிளெனில் கன்னிங்காமின் ஃபெராரி 166 காரை ஓட்டியபோது விபத்தில் உயிரிழந்தார். தம் குடும்பத்தின் மகிழ்ச்சியும் துயரமும் சேர்ந்து படிந்திருக்கும் கார்கள் என்று தெரிந்தேதான் அவர் வாங்கினார். ரோயால் கார்களில் கெல்னர் பட்டறை உடல் செய்த ஒன்று 1987-இல் லண்டனில் நடந்த கிறிஸ்டீஸ் ஏலத்தில் 55 லட்சம் பவுண்டுக்குப் போனது. ஆனால் கன்னிங்காமின் பந்தயக் கார்கள் சிதறவில்லை. ஃபுளோரிடாவின் நேப்பிள்ஸ் நகரில் ரெவ்ஸ் நிறுவனத்தில் அவை இன்றும் இருக்கின்றன. லெ மான்ஸ்டரும் அங்கேதான் நிற்கிறது. அந்நிறுவனத்துக்குச் சொந்தப் பட்டறையும் ஆவண நூலகமும் உண்டு. கார்களை ஓடும் நிலையில் வைத்திருக்கிறார்கள். கன்னிங்காம் 2003 ஜூலை வரை, 96 வயது வரை, வாழ்ந்தார். தம் கார்கள் நல்ல கையில் இருப்பதைப் பதினாறு ஆண்டுக்கு மேல் கண்ணால் பார்த்தார். உயில் எழுதிவிட்டுப் போயிருந்தால் வாரிசுகளும் ஏலக்காரர்களும் பங்கு போட்டிருப்பார்கள். உங்கள் பெரியப்பா உங்களுக்குச் சொல்ல விரும்புவது இதுவாகத்தான் இருக்கும் என்று எண்ணுகிறேன்.

பெயிண்ட் விஷயத்தில் என் பதில் உறுதியானது: பந்தய ஃபியட்டைத் தொடாதீர்கள். அந்தக் கீறலும் மங்கிய எண்ணும்தான் அதன் ஆவணம். தகரத்தைத் தின்னும் துருவை மட்டும் நிறுத்துங்கள். நம் பக்கத்தில் இரண்டு எதிரிகள் உண்டு; கடற்கரைப் பக்கம் உப்புக்காற்று, மலையடிவாரத்தில் சாரல் மாதங்களின் ஈரம். பாளையங்கோட்டை இரண்டுக்கும் சற்று விலகி இருப்பது உங்கள் நல்வாய்ப்பு. தரையை உலர வைத்து, பெட்ரோல் டேங்கை வடித்து, பிரேக் சிலிண்டர்களைக் கழற்றிச் சுத்தம் செய்து, அவ்வப்போது எஞ்சினை ஓடவிட்டால் போதும். மற்ற வண்டிகளுக்கு வேண்டுமானால் டிங்கரிங்கும் பெயிண்டும் பாருங்கள்.

பதிவைப் பொறுத்தவரை, 2021 ஜூலையில் மத்திய அரசு வெளியிட்ட விதிகளின்படி 50 ஆண்டுக்கு மேற்பட்ட இருசக்கர, நான்கு சக்கர வாகனங்களைப் பழைமை வாய்ந்த வாகனமாகப் பதிவு செய்யலாம். புதிய பதிவுக்கு 20,000 ரூபாய். பத்து ஆண்டு செல்லும். மறுபதிவுக்கு 5,000 ரூபாய். ஏற்கனவே பதிவாகியிருக்கும் வண்டி தன் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். அன்றாட ஓட்டத்துக்கோ வாடகைக்கோ பயன்படுத்தக் கூடாது. கண்காட்சி, பழங்கார் ஊர்வலம், பராமரிப்பு, எரிபொருள் நிரப்புதல் போன்றவற்றுக்கு மட்டுமே சாலையில் இறக்கலாம். ஆனால் அடிச்சட்டத்திலோ உடலிலோ எஞ்சினிலோ பெரிய மாற்றம் செய்யாத, மூல வடிவில் உள்ள வண்டிக்குத்தான் இந்தப் பதிவு. ஹெரால்டும் மற்ற ஃபியட்டும் வயது சரியாக இருந்தால் இதற்குப் பொருந்தலாம். உங்கள் பெரியப்பா எடை குறைத்து எஞ்சினைத் திருத்திய பந்தய ஃபியட்டுக்கு, எந்த மாற்றம் அதை மதிப்புள்ளதாக்குகிறதோ அதுவே தடையாக நிற்கும். பதிவுக்காக அதை மீண்டும் பழைய வடிவுக்குத் திருப்ப யாராவது யோசனை சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். அதன் ஆர்.சி. புத்தகத்தையும், சோழவரத்தில் எடுத்த படங்களையும், எந்த பாகத்தை எப்போது யார் மாற்றினார் என்று பெரியப்பா சொல்லச் சொல்ல எழுதிய குறிப்பையும் ஒரே கோப்பில் சேருங்கள். கொட்டகையில் நிற்பதற்கு அதற்கு எந்தப் பதிவும் தேவையில்லை. மூடிய மைதானத்தில் ஓட்ட வேண்டுமென்றால் லாரியில் ஏற்றிக் கொண்டுபோகலாம். அதற்கு உங்கள் வீட்டிலேயே வண்டி இருக்கிறது.